நூற்றுப் பன்னிரண்டு அடி

மூன்று தட்டு. சின்ன இடைவெளி. மறுபடி மூன்று தட்டு. கொஞ்சம் நீண்ட இடைவெளி. அப்புறம் இரண்டே இரண்டு, அதோடு நின்றுவிடும்.

இதைக் கேட்டதும் “பெட்டிப் படம்” என்று சொல்லாதவர்கள் குறைவு. சுவரொட்டியில் வேறு ஏதோ பெயர் போட்டிருந்தார்கள், ஆனால் ஜனங்கள் வாயில் நின்றது இதுதான். பூட்டிய மரப்பெட்டி, அதற்குள் ஒரு பேய், அது உள்ளே இருந்து தட்டும். படம் வந்து நாற்பத்தோரு வருடமாகியும் பிள்ளைகள் குளியலறைக் கதவை அதே கணக்கில் தட்டி, உள்ளே இருப்பவர்களை அலற வைக்கிறார்கள். கடைசித் தடவை மட்டும் ஏன் இரண்டு தட்டு என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினார்கள். அதை வைத்தே ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

கத்திரிக்கு அந்தச் சத்தம் காதில் விழவே கூடாது. மாடிப்படியில் எதிர்வீட்டுப் பையன்கள் ஒரு நாள் அப்படித் தட்டியபோது துடைப்பத்தோடு மூன்று மாடி துரத்திக்கொண்டு இறங்கியிருக்கிறாள், அறுபத்தெட்டு வயதில்.

கத்திரி என்பது வேலை கொடுத்த பெயர். ஸ்டூடியோ லேபில் நெகட்டிவ் வெட்டுகிறவளாக இருந்தாள். அந்த வேலை இப்போது உலகத்திலேயே இல்லை என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். கேமராவுக்குள் ஓடிய மூலச் சுருள்தான் நெகட்டிவ். எடிட்டர் அதன் நகலில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் தருவார். அந்தக் கோடு மூலத்தில் எங்கே விழுகிறது என்று தேடிப்பிடித்து, வெள்ளைக் கையுறை போட்ட கையால் வெட்டி ஒட்டுவது அவள் வேலை. சுருளின் ஓரத்தில் அடிக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். முகத்தைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்று சொல்லித்தான் அவளை வேலைக்குச் சேர்த்தார்கள். அவளும் முப்பது வருடம் எண்ணைத்தான் பார்த்தாள், ஒரே ஒரு நாளைத் தவிர.

அன்று காலை போன் வந்தது. பேசி முடித்துவிட்டுக் கத்திரி போனை வைத்தாள்.

“யாருக்கா? ரொம்ப மரியாதையா பேசினியே. வீட்டு ஓனரா?” என்றாள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த தங்கை.

“பெட்டிப் படத்தை எப்படி எடுத்தாங்கன்னு ஒரு பொண்ணு ஆவணப்படம் எடுக்குதாம். நெகட்டிவ் வெட்டினவங்கன்ற முறையில என்னைப் பேசக் கூப்பிடுது.”

தங்கை பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். “பெட்டிக்குள்ள கிடந்தது நானு. கூப்பிடுறது உன்னை. நல்லா இருக்கே கதை.”

“உன் பேர் டைட்டில்ல இல்லையேடி. அதுக்கு எப்படித் தெரியும்?”

“ஆமா. பேய்க்கு எதுக்குப் பேரு?”

தங்கையைச் சிட்டு என்பார்கள். ஆள் அவ்வளவு சிறியவள். கதாநாயகி பெட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், அவளுக்குப் பதிலாக இருபத்திரண்டு வயதுச் சிட்டுவை உள்ளே மடக்கி உட்கார வைத்தார்கள். மூடி மெல்லத் திறக்க வேண்டும், ஒரு கை வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் காட்சி. தட்டுகிற சத்தமே கதையில் கிடையாது. மூச்சு முட்டினால் மூன்று முறை தட்டு, உடனே திறந்துவிடுகிறோம் என்று செட் மேஸ்திரி அவளிடம் சொல்லி வைத்திருந்த சமிக்ஞை அது.

பெட்டியின் பின்பலகையில் காற்றுக்கு எட்டு ஓட்டைகள் இருந்தன. காலையில் ஒத்திகை பார்த்தபோது தலையைத் திருப்பினால் அவை எட்டு வெளிச்சப் பொட்டுகளாக முதுகுக்குப் பின்னால் தெரிந்ததாகச் சிட்டு சொல்வாள். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மூடி விழுந்தபோது பொட்டுகளைக் காணோம். விளக்கை இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். விளக்கு போட்டுத்தான் இருந்தது. அதைச் சரிசெய்யவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், அவளை உள்ளே வைத்தபடியே. கேமரா ஓடத் தொடங்கியபோது அவள் தட்டினாள். மேஸ்திரி ஓடி வந்தார். டைரக்டர் கையை நீட்டித் தடுத்தாராம். “சத்தம் நல்லா இருக்கு. ஓடட்டும்.”

இதெல்லாம் சிட்டு பிழைத்து வந்த பிறகு மேஸ்திரி சொல்லித் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. லிஃப்டில் ஏற மாட்டாள். ஐந்து மாடியையும் நடந்தேதான் ஏறுவாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்து நாற்பது வருடமாகிறது. அவளுடைய தையல் கடையில் துணி மாற்றும் அறைக்குக் கதவே கிடையாது, திரைதான். “காத்தோட்டமா மாத்திக்குங்க” என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

ஆனால் சிட்டுவுக்கே தெரியாத ஒன்று கத்திரியிடம் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைக்கு அடியில், ஒரு தகர டப்பா.

அந்தக் காட்சியின் நெகட்டிவ் அவள் மேசைக்கு வந்தபோது, பெட்டி கடைசியாக அதிர்ந்த இரண்டாவது தட்டுக்கு ஆறு சட்டம், அதாவது ஆறு ஃப்ரேம், தள்ளிச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. வெட்டினாள். மிச்ச வால் கையில் நீளமாகத் தொங்கியது. ஒரு காட்சி முடிந்தால் பத்து, பதினைந்து அடி வால் இருக்கும். இது முடியவே இல்லை. விளக்கு மேசையில் வைத்து இழுத்துக்கொண்டே போனாள். அசையாத பெட்டி. அசையாத பெட்டி. அசையாத பெட்டி. தொண்ணூறு அடி ஓடினால் ஒரு நிமிடம். ஓர எண்ணைப் பார்த்தாள்: நூற்றுப் பன்னிரண்டு அடி. ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடம். தட்டு நின்ற பிறகும் ஒருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. அடுத்த தட்டு வரும் என்று கேமராவை ஓடவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். கடைசிச் சட்டங்களில்தான் மூடி திறந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். தங்கையின் முகம் கரியாகவும், பிளந்த வாய் வெள்ளையாகவும் இருந்தது.

அன்றே டைரக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கோடு போட்ட இடத்துல வெட்டியாச்சுல்ல? மிச்சத்தைக் குப்பையில போடு.”

குப்பையில் போடவில்லை. டப்பாவில் சுருட்டி வைத்து, யாரும் திறந்துவிடக் கூடாதே என்று விளிம்பைச் சுற்றி மூன்று வரிசை பட்டை நாடா ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்; சிட்டு அப்போது படுக்கையில் கிடந்தாள்; வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் அதே டைரக்டருடைய இன்னும் ஒன்பது படங்களுக்கு நெகட்டிவ் வெட்டினாள். அந்த ஒன்பதும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன.

இந்தத் தடவை விடக் கூடாது என்று நினைத்தாள். அந்தத் தட்டு பேய் தட்டியதல்ல, ஒரு பெண் உயிர் பிழைக்கத் தட்டியது என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

“பையில என்ன?” என்றாள் சிட்டு.

“ஒண்ணுமில்லை, வா துணைக்கு.”

“துணைக்கு வரேன். ஆனா கதவு திறந்திருக்கணும். மூடினாங்கன்னா நான் நடையைக் கட்டிடுவேன்.”

பழைய படப்பிடிப்புத் தளம் இப்போது தட்டுமுட்டுச் சாமான் அடுக்கும் கிடங்கு. நடுவில் இடம் ஒழித்து, நான்கு செங்கல் மேல் அந்தப் பெட்டியை வைத்திருந்தார்கள். தூசி தட்டி, எண்ணெய் பூசி, விளக்கு வேறு போட்டிருந்தார்கள். சிட்டு வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஆவணப்படம் எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கழுத்தில் ஹெட்போன், கையில் கேள்வித்தாள். “வாங்கம்மா, சார் பக்கத்துல உட்காருங்க. ரெண்டு பேரும் பேசிக்கிற மாதிரி எடுத்துக்கலாம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சார் என்றால் டைரக்டர்தான். எண்பதைத் தொட்ட வயது, வெள்ளைச் சட்டை, மடியில் கைத்தடி, தேன் தடவிய குரல். “நம்ம கத்திரியா இது? இன்னும் கை நடுங்காம இருக்கியாம்மா?” என்றார்.

“இருக்கேன் சார்.” பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

கேமரா ஓடத் தொடங்கியது. அந்தப் பெண் முதல் கேள்வியை அவரிடம் கேட்டாள். “கடைசியில ஏன் சார் ரெண்டு தட்டு?”

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் கண்ணை மூடித் திறந்தார். “மூணாவது தட்டை நான் படம் பார்க்கிறவங்ககிட்ட விட்டுட்டேன். அது அவங்க நெஞ்சுல விழணும். ராத்திரி பகலா யோசிச்சு வச்ச இடம் அது.”

“உள்ள நிஜமாவே ஒருத்தங்க இருந்தாங்களாமே? பாதுகாப்பெல்லாம் எப்படி?”

“இல்லாமலா? பின்னால எட்டு ஓட்டை போட்டிருந்தோம், நல்ல காத்து. ஒரு பொண்ணு இருந்தா, பேர் ஞாபகமில்லை. எங்களுக்கு லைட் சரிபண்ணக் கொஞ்ச நேரமாச்சு. திறந்து பார்த்தா பாவம், தூங்கிட்டா. தண்ணி தெளிச்சு எழுப்ப வேண்டியதாப் போச்சு.”

விளக்குக்காரர் சிரித்தார். கேமராக்காரரும் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தப் பெண்கூட உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

கத்திரி பைக்குள் கைவிட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். தூங்கிட்டா. நாற்பது வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாத குளியலறை. அவருக்கு அது சிரிக்கிற விஷயம்.

“தூங்கலை” என்றாள்.

“என்னம்மா?”

“அவ தூங்கலை, சார். மூணு தட்டுன்னா மூடியைத் திறன்னு அர்த்தம். நீங்க திறக்க விடலை. ரெண்டு தட்டோட மயங்கிட்டா. அப்புறமும் ஒண்ணேகால் நிமிஷம் கேமராவை ஓட விட்டிருக்கீங்க. மூணாவது தட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்கலை, அது வரும்னு உட்கார்ந்திருந்தீங்க.”

வாசலில் சிட்டு நிமிர்ந்தாள். டைரக்டர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. “கண்ணு, நீ அன்னிக்குத் தளத்துலயே இல்லையே. லேப்ல இல்ல இருந்தே?”

“ஆமா. அதனாலதான் தெரியும். நூத்துப் பன்னிரண்டு அடி வால். என்கிட்ட இருக்கு.”

டப்பாவை எடுத்து மடியில் வைத்தாள். அந்தப் பெண் கேமராக்காரருக்குக் கண்ணைக் காட்ட, அவர் கிட்டே வந்தார். கத்திரி நகத்தால் நாடாவை உரித்தாள். ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று. மூடியைத் திருகினாள்.

புளித்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். உள்ளே சுருள் இல்லை. பழுப்பாக, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு கட்டி இருந்தது. விரலால் ஓரத்தைத் தொட்டாள், பொடியாக உதிர்ந்தது.

நெகட்டிவ் டப்பாவுக்குக் காற்று வேண்டும். அதிலிருந்து கிளம்புகிற புளிப்பு வெளியே போகாவிட்டால் அதுவே அதைத் தின்றுவிடும். லேபில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. கத்திரியே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பயத்தில் நாடா ஒட்டிய அன்று அவளுக்கு அது நினைவில் இல்லை. அதன் பிறகு ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அடடா” என்றார் டைரக்டர், நிஜமான இரக்கத்தோடு. “எல்லாத்துக்கும் வயசாகுதும்மா. ஞாபகத்துக்கும்தான்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “இந்த இடத்தை வெட்டிடுங்க. அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்” என்றார்.

அந்தப் பெண் கத்திரியின் காதருகே குனிந்தாள். “அம்மா, நான் நம்பறேன். ஆனா படத்தோட காட்சிகளைப் போட அனுமதி சார் கையிலதான் இருக்கு. ஆதாரம் இல்லாம வச்சா அனுமதியை எடுத்துடுவாரு. வேணும்னா கடைசியில ஒரு சுவாரசியமான தகவலா...”

“சுவாரசியமா?” என்றாள் கத்திரி.

அப்போது சிட்டு வந்தாள். வாசல் வெளிச்சத்தை விட்டு, கிடங்கின் உள்ளே, நேராக அக்காவின் மடிக்கு. டப்பாவைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

“இது எத்தனை வருஷமா நம்ம வீட்டுல இருக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

“ஒண்ணேகால் நிமிஷம்னு உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“எல்லாரும் சொன்ன மாதிரி நான் விளக்குச் சூட்டுக்குத்தான் மயங்கினேனோன்னு பாதி நாள் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்து அறையில இதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே.” அவள் குரல் உயரவே இல்லை. “நீயும் அடைச்சுதானே வச்சிருக்கே, அக்கா.”

கத்திரிக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது.

சிட்டு திரும்பி டைரக்டரைப் பார்த்தாள். “தூங்கின பொண்ணு நான்தான் சார். எட்டு ஓட்டை, நல்ல காத்துன்னீங்களே. எங்க, காட்டுங்க பார்ப்போம்.”

அவர் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “பின்னாலதாம்மா இருக்கும்.”

அவள் பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அந்தப் பெட்டியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம். உட்கார்ந்து, பின்பலகையைத் தடவினாள். எண்ணெய் பூசிய மரத்தில் ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டைவிரலை அழுத்தி அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். ஓரிடத்தில் நின்றாள். கைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கொக்கியை எடுத்துக் குத்தினாள். கறுப்பு மெழுகு, பொத்தான் அளவுக்கு ஒரு துண்டு, பிய்ந்து விழுந்தது.

“வெளிச்சம் உள்ள போய்க் கேமராவுல தெரியுதுன்னு அடைச்சிருக்கீங்க” என்றாள். “அடைச்சதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

“அதெல்லாம் கேமராமேன் பார்த்துக்கிட்டது. நான்...” டைரக்டர் எழப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் கையை உயர்த்தினார். “கட்.”

கேமராக்காரர் ஆவணப்படம் எடுக்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கேள்வித்தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஓடட்டும்” என்றாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கத்திரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சுருள் போனால் போகட்டும். நீளம் அவள் கையில் இருந்தது. முப்பது வருடம் அடி அடியாக இழுத்த கை. கண்ணை மூடினாலும் அடி தப்பாது.

“உட்காருங்க சார்” என்றாள். “அன்னிக்கு நீங்க பார்த்ததை இன்னிக்கும் பாருங்க. நூத்துப் பன்னிரண்டு அடி. நான் எண்ணுறேன். நீங்க பெட்டியை மட்டும் பாருங்க, கண்ணை எடுக்காதீங்க.”

டப்பாவின் மூடியைக் கவிழ்த்து ஆள்காட்டி விரலால் தட்டத் தொடங்கினாள். ஒரு தட்டுக்கு ஓரடி. பத்து அடிக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். “பத்து.” பெட்டிக்குப் பின்னால் கொக்கி மரத்தைச் சுரண்டும் சத்தம். “இருபது.” விளக்குக்காரர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “முப்பது.” டைரக்டர் தொண்டையைச் செருமினார். “நாப்பது. இன்னும் பாதிகூட ஆகலை சார். பெட்டியைப் பாருங்க.” இரண்டாவது துண்டு மெழுகு தரையில் உருண்டு விளக்கு வெளிச்சத்துக்கு வந்தது. “ஐம்பது.”

அறுபதில் டைரக்டர் எழுந்துவிட்டார். சட்டையில் குத்தியிருந்த மைக்கைப் பிடுங்கி நாற்காலியில் போட்டார். “என் படத்துல ஒரு சட்டம்கூட உனக்குக் கிடையாது” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். தேன் முழுக்க வடிந்துபோன குரல். கைத்தடி டொக் டொக் என்று வாசலைத் தாண்டிப் போனது.

“எழுபது” என்றாள் கத்திரி காலி நாற்காலியைப் பார்த்து. “உட்கார்ந்து பார்க்கவே முடியலை பாருங்க. அவ உள்ள கிடந்தா.” எண்பது. தொண்ணூறு. கண்ணில் நீர் வந்து மூடியில் சொட்டியது, விரல் நிற்கவில்லை. நூறு. நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினாள். சிட்டு மூன்று ஓட்டைகளைத் திறந்திருந்தாள். பெட்டியின் முன்பக்க இடுக்கு வழியாக மூன்று வெளிச்சக் கம்பிகள் தெரிந்தன.

அவளை யாரும் எழுப்பவில்லை. எட்டையும் திறக்கிற வரை அவள் எழவும் இல்லை.

“வெட்டிடாதேம்மா” என்றாள் கத்திரி அந்தப் பெண்ணிடம். “ஓரடி குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

“இதுல ஓர எண்ணெல்லாம் கிடையாதும்மா.”

“என்கிட்ட இருக்கு.”

அந்தப் பெண் வெட்டவில்லை. டைரக்டர் சொன்னதைச் செய்துவிட்டார், அனுமதி போயிற்று. பெட்டிப் படத்தின் ஒரு காட்சிகூட இல்லாமலேயே பெட்டிப் படம் பற்றிய அந்த ஆவணப்படம் வெளிவந்தது. அதில் ஒரு வயதான பெண் தகர மூடியைத் தட்டுகிறாள், இன்னொருத்தி மெழுகைக் குத்தி எடுக்கிறாள், ஒரு பெரிய மனிதர் பாதியில் எழுந்து போகிறார். கடைசியில் பெட்டிக்குள் இருந்தவள் பெயரை எழுதியிருந்தார்கள், முழுப் பெயரையும். இரண்டு தட்டை வைத்துப் பட்டம் வாங்கியவர், “கலையைக் கொச்சைப்படுத்தும் முயற்சி” என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். சிட்டு அந்தத் தாளில் சட்டைக் காலருக்கு அளவு வெட்டிக்கொண்டாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது; முதலில் சிட்டு கத்திரியோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். அன்று தளத்திலிருந்து திரும்பியபோது ஐந்து மாடியும் முன்னால் ஏறிப் போனாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். வீட்டில் இரண்டு பேருக்கும் சமைத்தாள், தட்டை மேசையில் டொக்கென்று வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாள். கத்திரியும் மன்னிப்புக் கேட்டு அதைச் சுலபமாக முடித்துக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள் காலையில் சிட்டு அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறினாள். போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே எறிந்தாள்.

“என்னடி தேடுற?”

“வேற எதையாவது அடைச்சு வச்சிருக்கியான்னு பார்க்கிறேன்.”

“வேற ஒண்ணும் இல்லை.”

“நீ சொல்லாதே. நானே பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அலமாரியின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள்.